ரிவர்சல் வந்து சேரும் வரை: வங்கித் தொழில்நுட்ப நிறுவனம் ஒன்றில் ஆறு மாத உள்ளகப் பயிற்சி

நேர்காணலில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளில் ஒன்று மட்டும் இன்றும் அப்படியே நினைவில் இருக்கிறது. ஏடிஎம்மில் ஒருவர் ஐந்நூறு ரூபாய் எடுக்கிறார்; அவருடைய கணக்கில் பணம் கழிந்துவிட்டது; நோட்டு வெளியே வருவதற்குள் இயந்திரம் நின்றுவிட்டது; இனி என்ன நடக்கும்? தரவுத்தளப் பாடத்தில் படித்ததை நம்பி, பரிவர்த்தனை முழுமை பெறாததால் அது தானாகவே ரோல்பேக் ஆகிவிடும், அதாவது எல்லாம் பழைய நிலைக்கே திரும்பிவிடும் என்று சொன்னேன். கேட்டவர் சிரித்துக்கொண்டே, "இயந்திரம் ஒரு வங்கியுடையது, அட்டை இன்னொரு வங்கியுடையது, நடுவில் ஒரு நெட்வொர்க் இருக்கிறது, இதில் யாருடைய டேட்டாபேஸை ரோல்பேக் செய்வீர்கள்?" என்றார். என்னிடம் பதில் இல்லை. ஆனாலும் எடுத்துக்கொண்டார்கள். அந்தக் கேள்விக்கு உரிய பதிலை முழுமையாகத் தெரிந்துகொள்ள எனக்கு நான்கு மாதங்கள் ஆயின. இந்தப் பயிற்சியை நான் மெச்சுவதற்கும் குறைகூறுவதற்கும் அந்த நான்கு மாதங்களே காரணம்.

2025 ஜனவரி முதல் ஜூன் வரை, கணினி அறிவியல் இறுதியாண்டு மாணவனாக, சென்னையில் பழைய மாமல்லபுரம் சாலையில் உள்ள ஒரு நடுத்தர நிறுவனத்தில் இந்தப் பயிற்சியை முடித்தேன். வங்கிகளுக்கான பேமென்ட் ஸ்விட்ச் மென்பொருளை உருவாக்கிப் பராமரிப்பது அவர்களுடைய தொழில். ஏடிஎம்மிலிருந்தும் கடைகளில் அட்டை தேய்க்கும் கருவியிலிருந்தும் வரும் கோரிக்கையை வாங்கி, அது எந்த வங்கியின் அட்டை என்று பார்த்து, உரிய இடத்துக்கு அனுப்பி, கிடைத்த பதிலைக் கேட்டவரிடமே திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பதுதான் ஸ்விட்ச்சின் வேலை. ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருப்பதாலும், கீழே குறைகளும் வருவதாலும் நிறுவனத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். பயிற்சி முடிந்ததும் அவர்கள் வேலை தர முன்வந்தார்கள் என்பதையும், வேறு ஊரில் வேறொரு வாய்ப்பு அமைந்ததால் நான் சேரவில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுவது முறை.

கல்லூரிக்கு வந்த சுவரொட்டியில் ஃபின்டெக், செயற்கை நுண்ணறிவு, பிளாக்செயின் ஆகிய மூன்று சொற்களும் பெரிய எழுத்தில் இருந்தன. ஆறு மாதங்களில் பின்னிரண்டையும் நான் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. தேர்வு முறையோ இதற்கு நேர்மாறாக, உண்மையான வேலையை அப்பட்டமாகக் காட்டுவதாக இருந்தது. ஒரு மணி நேரத் திறனறித் தேர்வு, அதன்பின் தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்க்யூஎல்லில் ஒரு தேர்வு, அதன்பின் நேர்காணல். எஸ்க்யூஎல் தேர்வில் இருந்த முக்கியமான கேள்வி, முதல் அட்டவணையில் இருந்து இரண்டாவதில் இல்லாத வரிகளைக் கண்டுபிடிக்கச் சொன்னது. அன்றைக்கு மிகச் சாதாரணமாகத் தோன்றிய அந்தக் கேள்விதான் பின்னர் என் அன்றாட வேலையாயிற்று. எங்கள் கல்லூரியிலிருந்து எழுதிய நாற்பது பேரில் ஏழு பேரை எடுத்தார்கள்.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறையில் படிப்பவர்களுக்கு எட்டாம் பருவத்தில் செயல்திட்டம் அல்லது உள்ளகப் பயிற்சிக்கு 10 கிரெடிட் உண்டு. ஆகவே, இந்த ஆறு மாதங்கள் படிப்புக்கு வெளியே செலவழிந்தவை அல்ல. ஆனால் கல்லூரி கேட்கும் செயல்திட்ட அறிக்கைக்கும் நிறுவனம் தரும் வேலைக்கும் இடையே ஒரு இழுபறி உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதல் இரண்டு வாரங்கள் வகுப்பறைப் பயிற்சி. இதை நடத்தியவர் பொதுத்துறை வங்கி ஒன்றில் பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்ற அதிகாரி. மடிக்கணினியைத் திறக்கவே விடாமல், வெள்ளைப் பலகையில் பற்றும் வரவும் எழுதித் தொடங்கினார். வாடிக்கையாளர் வங்கியில் போட்ட பணம் வங்கிக்குச் சொத்தன்று, கடன் என்பதை ஏற்றுக்கொள்ளவே எங்களில் பாதிப் பேருக்கு ஒரு நாள் பிடித்தது. சஸ்பென்ஸ் கணக்கு என்றால் என்ன, எங்கே சேரவேண்டும் என்று தெரியாத பணம் தற்காலிகமாக எங்கே நிற்கும், அது அங்கேயே நின்றுவிட்டால் தணிக்கையாளர் ஏன் கோபப்படுவார் என்பதையெல்லாம் கதைபோலச் சொன்னார். ஐதராபாத்தில் 1996-இல் ரிசர்வ் வங்கி நிறுவிய வங்கித் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனமான ஐடிஆர்பிடி, பல வங்கிகளின் ஏடிஎம்களை ஒன்றோடொன்று இணைக்கும் நேஷனல் ஃபைனான்ஷியல் ஸ்விட்ச்சை 2004-இல் தொடங்கியது, 2009 டிசம்பரில் அது தேசியக் கொடுப்பனவுக் கழகமான என்பிசிஐ வசம் போனது, 2010-இல் உடனடிப் பணப்பரிமாற்றச் சேவையான ஐஎம்பிஎஸ் வந்தது, 2016-இல் யுபிஐ வந்தது என்று அவர் அடுக்கிக்கொண்டு போனபோது, பாடப்புத்தகத்தில் எங்குமே இல்லாத ஒரு வரலாறு எங்கள் சட்டைப்பையிலேயே இருந்திருக்கிறது என்று தோன்றியது.

அவர் நடத்தியதில் என்னை மிகவும் சிந்திக்க வைத்தது, வங்கிக்கு ஒரு நாள் எப்போது முடிகிறது என்ற பாடம். முன்பு மாலையில் கிளை மூடியதும் நாள் முடிவுப் பணிகளை ஓட்டி, வட்டி கணக்கிட்டு, மறுநாள் தேதியைத் திறப்பார்கள். இடையில் இரவு முழுவதும் கணினிக்கு ஓய்வு இருந்தது. வங்கிக்கு வங்கி பணம் அனுப்பும் நெஃப்ட் சேவை 2019 டிசம்பர் 16 முதலும் பெருந்தொகைகளுக்கான ஆர்டிஜிஎஸ் 2020 டிசம்பர் 14 முதலும் இருபத்துநான்கு மணி நேரமும் இயங்கத் தொடங்கிய பிறகு அந்த ஓய்வு போய்விட்டது. மாதத்துக்கு ஆயிரம் கோடிப் பரிவர்த்தனைகள் என்ற அளவை யுபிஐ 2023 ஆகஸ்ட்டிலேயே தாண்டிவிட்டது. வங்கியின் தேதி ஒன்று, நாட்காட்டியின் தேதி ஒன்று, நெட்வொர்க்கின் கணக்கு முடிப்புத் தேதி ஒன்று என்று மூன்று தேதிகள் ஒரே பரிவர்த்தனையில் குந்திக்கொண்டிருக்கும் என்று அவர் எச்சரித்தார். அப்போது அதைக் குறிப்பேட்டில் எழுதிவைத்துக்கொண்டேனே தவிர, புரிந்துகொள்ளவில்லை.

வகுப்பு முடிந்த பிறகு வந்தது காத்திருப்பு. ஐந்து வாரங்கள் எனக்குக் கணினி இருந்தது, நாற்காலி இருந்தது, பயனர் அனுமதி மட்டும் இல்லை. அட்டைத் தகவல்கள் புழங்கும் இடம் என்பதால் கட்டுப்பாடுகள் கடுமையானவை. கைப்பேசியை வாசலில் உள்ள பெட்டியில் வைத்துப் பூட்ட வேண்டும். பென்டிரைவ் செருகும் துளைகள் செயலிழக்கச் செய்யப்பட்டிருக்கும். அட்டை எண்ணில் முதல் ஆறும் கடைசி நான்கும் தவிர மற்ற இலக்கங்கள் திரையில் தெரியாது. இவற்றில் எனக்குக் குறையே இல்லை. சொல்லப்போனால், பாதுகாப்பு என்ற சொல்லின் பொருளை வகுப்பில் படித்ததைவிட அந்தப் பூட்டுப் பெட்டி நன்றாகச் சொல்லிக்கொடுத்தது. குறை எங்கே என்றால், ஜனவரியில் ஏழு பேர் வரப்போகிறார்கள் என்பது நவம்பரிலேயே தெரிந்திருந்தும், அனுமதிக்கான விண்ணப்பத்தை நாங்கள் வந்து சேர்ந்த பிறகுதான் போட்டார்கள். ஆறு மாதத்தில் ஐந்து வாரம் என்பது சிறு இழப்பன்று.

அந்த வாரங்களை நான் ஐஎஸ்ஓ 8583 ஆவணங்களைப் படிப்பதில் கழித்தேன். அட்டைப் பரிவர்த்தனைகளுக்கான செய்தி வடிவத்தை வரையறுக்கும் இந்தத் தரம் 1987-இல் முதலில் வெளியானது. என்னைவிட மூத்தது, ஆனாலும் இன்றைக்கும் ஏடிஎம் பேசுவது இந்த மொழியில்தான். 0200 என்று தொடங்கினால் கோரிக்கை, 0210 என்றால் பதில், 0420 என்றால் முந்தைய கோரிக்கையை ரத்து செய்யச் சொல்லும் ரிவர்சல், 0800 என்றால் இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பது. அடுத்து வரும் பிட்மேப்பில் உள்ள ஒவ்வொரு பிட்டும், அந்த எண்ணுக்குரிய புலம் இந்தச் செய்தியில் இருக்கிறதா இல்லையா என்று சொல்லும். முப்பத்தொன்பதாம் புலத்தில் 00 இருந்தால் ஒப்புதல், 51 இருந்தால் கணக்கில் போதிய பணமில்லை, 55 இருந்தால் ரகசிய எண் (PIN) தவறு, 91 இருந்தால் எதிர்முனை வங்கி பதில் தரும் நிலையில் இல்லை. ஏடிஎம் திரையில் நாம் படிக்கும் நாசூக்கான வாக்கியங்களுக்குப் பின்னால் நிற்பவை இந்த இரண்டு இலக்கங்கள்தாம்.

அனுமதி கிடைத்த முதல் வாரத்திலேயே சிரிப்புக்கு இடமான ஒரு பிழையைச் செய்தேன். நான்காம் புலத்தில் தொகை பன்னிரண்டு இலக்கங்களில் இருக்கும், புள்ளி கிடையாது, கடைசி இரண்டு இலக்கங்கள் பைசா. 000000050000 என்பதை ஐம்பதாயிரம் ரூபாய் என்று எடுத்துக்கொண்டு ஓர் அறிக்கை தயாரித்து அனுப்பினேன். அன்றைய மாதிரித் தரவில் ஒரே இயந்திரத்திலிருந்து கோடிக்கணக்கில் பணம் எடுத்ததாகக் கணக்கு வந்தது. அணித் தலைவர் கோபப்படாமல், ஒரு ஏடிஎம்முக்குள் எத்தனை நோட்டு அடங்கும் என்று மட்டும் கேட்டார். தொகையை எங்கே பார்த்தாலும் பைசாவைத் தேடும் பழக்கம் அன்றிலிருந்து ஒட்டிக்கொண்டது.

என்னை அமர்த்திய அணி ரீகான். கணக்குகளை ஒப்பிட்டுச் சரிபார்க்கும் அணியை அங்கே எல்லோரும் அப்படித்தான் அழைப்பார்கள். ஏழு பேரில் மற்ற நால்வர் கைப்பேசிச் செயலி அணிக்கும் இருவர் சோதனை அணிக்கும் போனார்கள். யாரும் விரும்பாத ரீகான் எனக்கு வந்தது. முதல் நாள் சற்று வருத்தமாகவே இருந்தது. புதிய மென்பொருள் எழுதுவார்கள் என்று பார்த்தால், ஸ்விட்ச்சின் பதிவு ஒரு பக்கம், வங்கியின் மையக் கணக்குப் பதிவு ஒரு பக்கம், ஏடிஎம் இயந்திரத்தின் சொந்த நாட்குறிப்பு ஒரு பக்கம், நெட்வொர்க் அனுப்பும் கோப்பு ஒரு பக்கம் என நான்கையும் வரிக்கு வரி ஒட்டிப் பார்த்து, ஒட்டாதவற்றைத் தனியே எடுத்துவைக்கும் வேலை. என்னை வழிநடத்திய மேடம் இத்துறையில் பதினைந்து ஆண்டு அனுபவம் உள்ளவர். "பணம் தொலையாது தம்பி, எங்கேயோ ஒரு பக்கத்தில் கூடுதலாக நிற்கும், அதைத் தேடு" என்பது அவர் எனக்குச் சொன்ன முதல் வாக்கியம்.

நேர்காணல் கேள்விக்கு விடை கிடைத்தது ஒரு பன்னிரண்டு இலக்க எண்ணில். எண்களை மாற்றித் தருகிறேன்: 504523118206. ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் இப்படி ஒரு குறிப்பெண் உண்டு. யுபிஐ ரசீதிலும் இதுபோன்ற பன்னிரண்டு இலக்கங்களைப் பார்த்திருப்பீர்கள். எங்கள் ஸ்விட்ச்சில் அதன் முதல் இலக்கமான 5, 2025-ஆம் ஆண்டைக் குறிக்கும்; அடுத்த 045 ஆண்டின் நாற்பத்தைந்தாம் நாள், அதாவது பிப்ரவரி 14; அடுத்த 23 இரவு பதினொரு மணி; மீதி ஆறும் வரிசை எண். அன்றிரவு நள்ளிரவுக்குச் சில நிமிடங்கள் இருக்கையில் ஐந்நூறு ரூபாய்க்கான 0200 போயிருக்கிறது. 00 என்ற ஒப்புதலுடன் 0210 திரும்பியிருக்கிறது. அதாவது வாடிக்கையாளரின் கணக்கில் பணம் கழிந்துவிட்டது. நோட்டு வெளியே வரவில்லை. அந்தக் கணம் இயந்திரத்தின் இணைப்பும் போய்விட்டது. இணைப்பு மீண்டதும் ஸ்விட்ச் 0420 அனுப்பியது. அது அட்டை வங்கியைச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. வங்கி அந்தப் பணத்தைத் திரும்ப வரவு வைத்ததும் பிப்ரவரி 15 என்ற தேதியில்.

பணம் திரும்பிவிட்டது, ஆனால் எங்கள் ரீகான் நிரல் அதை ஒப்புக்கொள்ளவில்லை. தேதியும் குறிப்பெண்ணும் சேர்ந்து பொருந்தினால்தான் அது ஜோடி சேர்க்கும். பதினான்காம் தேதிக் கழிவுக்கு அன்றைய வரவு இல்லை, பதினைந்தாம் தேதி வரவுக்கு அன்றைய கழிவு இல்லை என்று இரண்டையும் தனித்தனி வழக்குகளாக்கிப் பட்டியலில் போட்டது. வகுப்பில் அந்த அதிகாரி சொன்ன மூன்று தேதிகள் சட்டென்று நினைவுக்கு வந்தது அப்போதுதான். ரிவர்சல் செய்தியின் தொண்ணூறாம் புலத்தில், தான் எந்தச் செய்தியை ரத்து செய்ய வந்தேன் என்ற விவரம், மூலச் செய்தியின் வகை, வரிசை எண், நாள், நேரம் ஆகியவற்றோடு பதிந்திருக்கும். தேதியைப் பார்த்து ஜோடி சேர்ப்பதற்குப் பதிலாக அந்தப் புலத்தைப் பார்த்துச் சேர்க்கும்படி நிரலை மாற்றுவதுதான் எனக்குக் கிடைத்த செயல்திட்டம். மாற்றியது மொத்தம் அறுபது வரிகூட இருக்காது. அதைச் சரியென்று நிறுவுவதற்குத்தான் இரண்டு மாதங்கள் பிடித்தன. ரிவர்சல் இருமுறை வந்தால், ரிவர்சலுக்குப் பதில் வராமல் போனால், பாதித் தொகைக்கு மட்டும் ரிவர்சல் வந்தால் என்று மேடம் நாள்தோறும் ஒரு புதுச் சிக்கலோடு வருவார்.

இரு வங்கிகளுக்கு நடுவே ரோல்பேக் என்று ஒன்று கிடையாது. நடந்ததை அழிக்க முடியாது, எதிர்ப்பதிவு ஒன்றைப் போட்டு ஈடுகட்டத்தான் முடியும். அந்த எதிர்ப்பதிவும் வழியில் தவறிப்போனால் மறுநாள் காலையில் யாராவது கோப்புகளை ஒட்டிப் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும். இதுதான் நான் அன்று சொல்லியிருக்க வேண்டிய பதில். வெளியே வராத நோட்டு இயந்திரத்துக்குள் கழிவுப் பெட்டியில் கிடக்கும் என்பதையும், பணம் நிரப்ப வருபவர்கள் எண்ணும்போது ஐந்நூறு ரூபாய் கூடுதலாக இருக்கும் என்பதையும் சேர்த்தே சொல்லியிருக்க வேண்டும். மேடம் தேடச் சொன்ன கூடுதல் அதுதான்.

இந்த வேலையின் கனம் எனக்கு உறைத்ததற்கு 2019 செப்டம்பர் 20 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கையும் காரணம். ஏடிஎம்மில் பணம் வராமல் கணக்கில் மட்டும் கழிந்திருந்தால், பரிவர்த்தனை நடந்த நாளிலிருந்து ஐந்து நாட்களுக்குள் வங்கி தானே முன்வந்து திருப்பித் தரவேண்டும். தவறினால் அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு நாளுக்கும் வாடிக்கையாளருக்கு நூறு ரூபாய் இழப்பீடு. புகார் வரட்டும் என்று வங்கி காத்திருக்கவும் கூடாது. ஆகவே, தீர்ந்துபோன வழக்குகள் பட்டியலில் குவிந்து கிடந்தால், உண்மையிலேயே பணம் திரும்பாத ஒருவருடைய வழக்கு அந்தக் குவியலுக்கு அடியில் போய்விடும். என் அம்மாவுக்கு ஒருமுறை இப்படி ஏடிஎம்மில் பணம் சிக்கி, ஒரு வாரம் வங்கிக்கு அலைந்த கதையை வீட்டில் கேட்டிருக்கிறேன். கல்லூரியில் எழுதிய எந்த நிரலும் யாருடைய அலைச்சலையும் குறைத்ததில்லை.

ரீகான் தவிர, சோதனை அணியில் ஆள் குறைந்திருந்த மூன்று வாரங்கள் அங்கேயும் உட்கார்ந்தேன். அங்கே நடந்த இரண்டு விஷயங்களைச் சொல்லாமல் விட மனமில்லை. வாடிக்கையாளர் பதிவுப் படிவத்தில் கடைசிப் பெயர் என்ற புலத்துக்குக் குறைந்தது இரண்டு எழுத்து வேண்டும் என்று விதி வைத்திருந்தார்கள். என் ஆதாரில் உள்ளபடி என் பெயரையும் தந்தை பெயரின் தலைப்பெழுத்தையும் போட்டேன்; ஒற்றை எழுத்தை ஏற்க முடியாது என்றது. குடும்பப் பெயரே இல்லாமல் இனிஷியலோடு வாழும் ஒரு மாநிலத்தில் உட்கார்ந்து எழுதிய மென்பொருள் இது. பிழையாகப் பதிந்தேன், வேறு மாநிலத்து வங்கி ஒன்று கேட்டுக்கொண்ட விதி அது என்று தெரிந்தது, பலநாள் விவாதத்துக்குப் பிறகு ஒவ்வொரு வங்கியும் தனக்கு வேண்டியபடி மாற்றிக்கொள்ளும் அமைப்பாக அதை மாற்றினார்கள்.

மற்றொன்று ரசீதில் தமிழ். தலைப்புச் சொற்களுக்கு நாற்பது பைட் இடம் ஒதுக்கியிருந்தார்கள். 'பரிவர்த்தனை எண்' என்பது நம் கண்ணுக்கு ஒன்பது எழுத்து. கணினிக்கோ ஒவ்வொரு கொம்பும் கொக்கியும் புள்ளியும் தனிக்குறி, குறிக்கு மூன்று பைட், ஆக இடைவெளியோடு சேர்த்து நாற்பத்துமூன்று. நாற்பதில் வெட்டியதும் கடைசிப் புள்ளி மட்டும் உதிர்ந்து, 'பரிவர்த்தனை எண' என்று நின்றது. தமிழ் தெரியாத சோதனையாளர் நான்கு பேர் அதைப் பார்த்துச் சரியென்று விட்டிருக்கிறார்கள். நான் பிடித்த பிழைகளிலேயே சிறியது இதுதான்; அதிகம் பெருமைப்பட்டதும் இதற்குத்தான்.

இனிக் குறைகள். ஐந்து வாரக் காத்திருப்பைச் சொல்லிவிட்டேன். ஏப்ரல் நடுவில் மேடத்தை வேறொரு வங்கியின் அவசரப் பணிக்கு மாற்றிவிட்டார்கள். அடுத்த மூன்று வாரங்கள் என் நிரலைப் பார்க்க ஆளில்லை. மாற்று வழிகாட்டியாக அறிவிக்கப்பட்டவர் நல்லவர்தான், ஆனால் ரீகான் அவருடைய துறையன்று. அவர் என்னிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் நிலையே இருந்தது. ஊக்கத்தொகை மாதம் ரூ. 15,000 என்று எழுத்தில் இருந்தது. முதல் மாதத்தொகை ஏழாவது வாரத்தில்தான் வந்தது. வங்கிகளின் பணம் ஒரு நாள் தாமதமானால் அபராதம் என்று எங்களுக்குப் பாடம் நடத்திய இடத்தில் இப்படி நடந்ததை நாங்கள் ஏழு பேரும் மதிய உணவு வேளையில் நிறையவே பேசிச் சிரித்தோம். மனிதவளப் பிரிவில் கேட்டால், வங்கிக் கணக்கு விவரங்களில் பெயர் பொருந்தவில்லை என்றார்கள். காரணம் மறுபடியும் இனிஷியல்.

இறுதி மதிப்பீட்டுப் படிவம் எல்லா அணிகளுக்கும் ஒன்றே. தகவல்தொடர்பு, குழுப்பணி, நேரந்தவறாமை ஆகியவற்றுக்கு ஐந்துக்கு எத்தனை என்று வட்டமிடும் படிவம் அது. என்ன செய்தேன், எது சரியாக வந்தது, எது வரவில்லை என்று எழுத அதில் ஒரு வரிகூட இடமில்லை. மேடம் தாமாகவே தனித்தாளில் ஒன்றரைப் பக்கம் எழுதிக் கொடுத்தார். நிறுவனத்தின் முத்திரை இல்லாத அந்தத் தாளைத்தான் நான் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

கல்லூரி அறிக்கை விஷயம் அடுத்த பருவ மாணவர்களுக்கு மிகவும் பயன்படும் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். நிரலையோ ஸ்கிரீன்ஷாட்டுகளையோ தரவையோ வெளியே கொண்டுபோக முடியாது. கல்லூரி மதிப்பாய்வுக் குழுவோ ஸ்கிரீன்ஷாட் எங்கே, புதுமை என்ன, எந்த ஆய்வுக்கட்டுரையை அடிப்படையாகக் கொண்டாய் என்று கேட்கும். முதல் மதிப்பாய்வில் நான் வெறுங்கையோடு நின்று வசை வாங்கினேன். பிறகு ஜேபிஓஎஸ் என்ற திறந்தமூல ஜாவா நூலகத்தைக் கொண்டு, வீட்டுக் கணினியில் இரண்டு போலி வங்கிகளும் ஒரு சிறு ஸ்விட்ச்சும் அமைத்து, நானே உருவாக்கிய தரவில் நள்ளிரவு ரிவர்சலை நடத்திக் காட்டினேன். அலுவலகத்தின் ஒரு வரிகூட அதில் இல்லை. இதற்கு நிறுவனத்தின் அனுமதியை எழுத்தில் வாங்கிக்கொண்டதும் நல்லதாயிற்று. இரண்டாம் மதிப்பாய்வில் ஒரு பேராசிரியர், இதில் செயற்கை நுண்ணறிவு சேர்க்க முடியாதா என்று கேட்டார். பொருந்துகிறதா இல்லையா என்பதில் ஊகத்துக்கு இடமில்லை என்று பணிவாகச் சொன்னேன், மதிப்பெண் குறையவில்லை.

செலவுக் கணக்கு சுருக்கமாக: நாவலூர்ப் பக்கத்தில் மூவர் தங்கும் அறையில் இருவேளைச் சாப்பாட்டோடு மாதம் ரூ. 7,500 கொடுத்தேன். மதியச் சாப்பாடு அலுவலக உணவகத்தில் மானிய விலையில் கிடைக்கும்; சாம்பார் நன்றாக இருக்கும், ரசத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. வீட்டில் கை ஏந்தாமல் ஆறு மாதமும் ஓட்ட முடிந்தது, அந்த முதல் ஏழு வாரங்கள் நீங்கலாக. இரவுப் பணிக்கு யாரும் கட்டாயப்படுத்தவில்லை. நாள் முடிவுப் பணிகள் ஓடுவதை நேரில் பார்க்க நானே கேட்டு மூன்று இரவுகள் இருந்தேன், வீடு திரும்ப வண்டி ஏற்பாடு செய்து தந்தார்கள்.

கைப்பேசிச் செயலி அணிக்குப் போன நண்பர்களிடம் இன்று காட்டுவதற்கு அழகான திரைகள் இருக்கின்றன, என்னிடம் இல்லை. ஆனால் வேலைக்கான பிற நேர்காணல்களில் அவர்களிடம் எந்த நூலகத்தைப் பயன்படுத்தினாய் என்று கேட்டார்கள். என்னிடமோ அந்த நள்ளிரவு ஐந்நூறு ரூபாயைப் பற்றி அரைமணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். புதிதாக எதையாவது கட்டியெழுப்ப வேண்டும் என்ற தவிப்பு உள்ளவர்களுக்கு ரீகான் ஒத்துவராது, அது உண்மை. ஒரு எண் ஏன் பொருந்தவில்லை என்று தெரியாமல் தூக்கம் வராத சுபாவம் உள்ளவர்கள் தயங்காமல் போகலாம். போகும் முன் அட்டவணைகளை ஒன்றோடொன்று இணைத்துப் பார்க்கும் எஸ்க்யூஎல் ஜாயின்களைக் கைப்பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். லினக்ஸில் பெரிய பதிவுக் கோப்பில் ஒரு வரியைத் தேடக் கற்றுக்கொள்ளுங்கள். பற்று வரவை யாராவது வணிகவியல் நண்பரிடம் ஒரு மாலை உட்கார்ந்து கேட்டுக்கொள்ளுங்கள். ஜாவா ஓரளவு தெரிந்தால் போதும்.

ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால், வேலைக்கும் அந்த இரண்டு வார வகுப்புக்கும் ஐந்து, ஏற்பாட்டுக்கு இரண்டு என்று தனித்தனியாகத்தான் தருவேன். சராசரி எடுத்தால் இரண்டுமே பொய்யாகிவிடும். அடுத்த ஆண்டுக்கான தேர்வு வழக்கம்போல் அக்டோபர், நவம்பரில் நடக்கும் என்று எங்கள் வேலைவாய்ப்பு அலுவலர் சொல்கிறார். நேர்காணலின் முடிவில் ஏதாவது கேட்க வேண்டுமா என்பார்கள். எந்த அணி என்று கேளுங்கள். பயனர் அனுமதிக்கான விண்ணப்பம் நான் வருவதற்கு முன்பே போடப்படுமா என்று கேளுங்கள். வழிகாட்டி இடையில் மாறினால் யார் பார்ப்பார் என்று கேளுங்கள். வங்கிக் கணக்கில் உங்கள் பெயர் ஆதாரில் உள்ளபடியே, இனிஷியல் முன்னாலா பின்னாலா என்பது வரை, ஒன்றாக இருக்கிறதா என்பதை டிசம்பருக்குள் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.